எதிர் வீட்டுக்காரராக உட்கார்ந்திருந்த ஏழு நிமிடம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் கண்டபடி சரி. வயது நாற்பத்து நான்கு. வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பது தொழில். மேற்படி முகவரியில் மூன்றாம் மாடியில் ஒன்பது வருடமாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் இல்லை.

எதிர் வீட்டில் இருப்பவர் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். வயது ஐம்பத்தொன்று. அடுப்பண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகள் வெளிநாட்டில் படித்து முடித்து, அடுத்த மாதக் கடைசியில் பட்டம் வாங்குகிறாள். அதை நேரில் பார்க்க அண்ணனும் அண்ணியும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார்கள். அண்ணியுடையது வந்துவிட்டது. அண்ணனுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானதால் காவல்துறையின் வீட்டு விசாரணை மட்டும் பாக்கி நின்றது.

விசாரணைக்கு எந்த நாள் வருவார்கள் என்று தெரியாததால் அண்ணன் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பதினோரு நாள் தொடர்ந்து காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, முன்னறை நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் அடையாளமாகக் குறித்த தீத்தழும்பு தெரிய வேண்டும் என்று இடது சட்டைக் கையை மட்டும் மடித்துவிட்டிருப்பார். "கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இப்படி ஒழுங்கா உட்காரல" என்று அண்ணி கேலி செய்வார். மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் என்னை அதிகாரியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லி, தான் எழுந்து நின்று பதில் சொல்வார். பதினோரு மாலை கேட்டதில் அவருடைய பிறந்த தேதி, தாயார் பெயர், பழைய முகவரிகள் மூன்றும் எனக்கு மனப்பாடம் ஆயின. கெட்ட எண்ணத்தோடு மனப்பாடம் செய்யவில்லை.

அதன் பிறகு, சம்பவ தினமான நேற்று, காலை பத்தரை மணிக்கு அண்ணன் பால் வாங்கக் கீழே போனார். விசாரணைக்கு வருகிறவருக்குப் புதுப் பாலில் டீ கொடுக்க வேண்டும் என்று தினமும் அந்த நேரத்துக்குத்தான் போவார். போனை மேசையிலேயே விட்டுவிட்டார். அவர் போன சற்று நேரத்தில் காவலர் வந்துவிட்டார். ஆள் இல்லையென்றால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணியிடம் யாரோ சொல்லி வைத்திருந்ததால், அண்ணன் குளிப்பதாகக் காவலரிடம் சொல்லிவிட்டு, அண்ணி சமையலறைப் பின்கதவு வழியாக, அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த என்னிடம் ஓடி வந்து, "தம்பி, அஞ்சு நிமிஷம் அவரா வந்து உட்காருங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். நான் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு அதே பின்கதவு வழியாகப் போனேன். அண்ணன் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று காவலரிடம் சொல்லியிருந்தாலே காரியம் முடிந்திருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

காவலர் விண்ணப்பத்தில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரொம்ப இளைச்சுட்டீங்களே" என்றார். அலைச்சல் என்றேன். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னேன். மூன்றாவது முகவரியில் அண்ணன் எப்போதும் தடுமாறுவார். நான் அங்கும் தடுமாறவில்லை. அதன் பிறகு இடது கைத் தழும்பைக் காட்டச் சொன்னார். சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை. "ஆறிப்போச்சு சார்" என்றேன். காவலர் பேனாவை மூடினார்.

அந்தச் சமயத்தில் அண்ணன் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். அவர் நாற்காலியில் நான் ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பதையும் மேசையில் அவருடைய விண்ணப்பம் கிடப்பதையும் அண்ணி சுவரோடு ஒட்டி நிற்பதையும் பார்த்தார். காவலர் அவரிடம், "நீங்க யாரு?" என்று கேட்டார். அத்தனை நாள் அவர் காத்திருந்த கேள்வி அது. அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "எதிர் வீட்டுக்காரன் சார். வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றேன்" என்றார். என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு அவர் பாலை வைக்கக் கையை நீட்டினார். காவலர் தழும்பைப் பார்த்துவிட்டார்.

நேற்று எங்களை எச்சரித்துவிட்டு, இன்று காலை மூவரையும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். வந்தோம். அண்ணனும் பொய் சொன்னார் என்று எழுதப்பட்டிருப்பதாக அறிகிறேன். அந்தப் பொய்க்குக் காரணம் நான். வழக்கு எதுவானாலும் என் மீது போடவும். அவருடைய விண்ணப்பத்தை நிறுத்தினால் அண்ணி மட்டும்தான் மகளிடம் போக முடியும்.

அண்ணன் வெளியே பெஞ்சில், அதே நீலச் சட்டையில், இடது சட்டைக் கையை மடித்துவிட்டபடி உட்கார்ந்திருக்கிறார். வந்து மூன்று மணி நேரம் ஆகிறது. அவரை இன்னும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வார். மூன்றாவது முகவரி வரும்போது மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது. இந்தத் தடவை என் பெயரையே சொல்லி, என் கையெழுத்தையே போடுகிறேன்.

(கையொப்பம்)