நான்காவது சக்கரம்

என் பெயர் உமாபதி. தகப்பனார் பெயர் கன்னியப்பன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தொன்று. நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்தில், அரசு கொடுத்த காலனி வீட்டில் மனைவி பிரமிளாவுடன் குடியிருக்கிறேன். முன்பு பவர்லூம் ஓட்டினேன், இப்போது லோடு வண்டி ஓட்டுகிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் நான் தமிழில் சொல்ல, கோர்ட்டில் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் கேட்டு எழுதுகிறார்.

நான் பேசாமலே இருக்கலாம் என்றும், பேசினால் அது எனக்கு எதிராகவும் திரும்பலாம் என்றும் மாஜிஸ்ட்ரேட் அய்யா இரண்டு தடவை சொன்னார். புரிந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. பயம் இருக்கிறது. அது நேற்றுக் காலையிலிருந்து இருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பால்காரர் கங்கையாவின் காலை உடைத்தேன் என்பது என் மேல் உள்ள வழக்கு.

நேற்றுக் காலை, போன வாரம் இன்னொருவரிடமிருந்து பழையதாக விலைக்கு வாங்கிய என் சிறிய லோடு வண்டியில் முதல் லோடாக லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருப்பதி போகக் கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் வண்டி கைமாறினால் முதல் லோடை முனீஸ்வரனிடம் காட்டாமல் யாரும் போவதில்லை. ஆகையால் புத்தூர் போகும் ரோட்டோரத்தில் உள்ள முனீஸ்வரன் கோயிலில் வண்டியை நிறுத்தினேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பிராந்தியை வாயில் ஊற்றி ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் ஊதி உமிழ வேண்டும். அது பூசாரி துலுக்காணம் செய்கிற வேலை. அவர் இந்த வருஷம் அய்யப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்.

"நான் மாலைல கீறேன் சாமி, பாட்டிலயே தொடக்கூடாது. ஓட்றவன் வாயாலயே ஊது, முனீஸ்வரன் ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஆனா மொத லோடு எறக்கற வரைக்கும் வாயில பச்சத்தண்ணி படக்கூடாது" என்று அவர் சொன்னார். அதன் பிறகு நானே பாட்டிலைத் திறந்து, வாயில் ஊற்றி ஊதினேன். பழக்கமில்லாததால் பாதி என் சட்டை மேலேயே வழிந்தது. துடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழங்களை நசுக்கி வண்டியை எடுத்தேன்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு முச்சந்தி இருக்கிறது. நான் சிக்னல் விளக்கைப் போட்டு, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, கங்கையா என்கிற பால்காரர் இரண்டு பக்கமும் கேன் கட்டிய மோட்டார் சைக்கிளில் இடது பக்கமாக வந்து, என் வண்டியின் பின்சக்கரத்தில் மோதி விழுந்தார். கேன் திறந்து ரோடு முழுக்கப் பால். நான் இறங்கி ஓடி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்த அவர், "டேய், நீ குடிச்சிக்கீற" என்றார். அதுவரை எனக்கு அவரைப் பற்றித்தான் பயம். அதற்குப் பிறகு என்னைப் பற்றியும் பயம் வந்தது.

முச்சந்தியிலேயே டிராபிக் போலீஸ் நின்றுகொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த கங்கையாவின் உறவுக்காரர்கள் அவரை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களிடம் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு எஸ்.ஐ. என்னைப் பார்த்து "தாகாவா?" என்று கேட்டார். குடித்தாயா என்று அர்த்தம். "லேது சார்" என்றேன். மிஷினை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினேன். தொண்ணூற்றி நாலு வந்தது. முப்பதைத் தாண்டினாலே கேஸ் என்றார்கள்.

நான் முனீஸ்வரன் விஷயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் சிரித்தார்கள். வண்டி சீட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதுகிறேன் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. லோடு இறங்காமல் வாயில் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமோ என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். சாமிக்குப் பயந்து போலீஸிடம் மாட்டிக்கொண்ட மடையன் நானாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்கு போன் போட அனுமதித்தார்கள். பிரமிளா தறி ஷெட்டிலிருந்து அப்படியே வந்தாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அங்கே இருந்தவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், "ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டுப் போய்க்கினே இரு, எதுக்கு இழுத்துக்கினு" என்று. எனக்கும் ஒத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. பிரமிளா வக்கீல் சபீனா அம்மாவுக்கு போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். சபீனா அம்மா தறி ஷெட் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க முகாம் நடத்தியவர். அவர், "கால் உடைஞ்ச கேஸும் கூட இருக்குது. குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா அதுவும் உங்க தலையிலதான் விழும். எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க. அரெஸ்ட் பண்ணா ரெண்டு மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டணும், ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. போனைப் பிரமிளாவிடம் திருப்பிக் கொடுத்தேன், அவளும் சபீனா அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிரமிளாதான் எஸ்.ஐ. மேஜைக்கு முன்னால் போய் நின்று, "எங்க வூட்டுக்காரரு குடிக்கமாட்டாரு சார். ரத்தம் எடுத்துப் பாருங்க. ஒரு சொட்டு இருந்தாலும் நானே உள்ள தள்ளச் சொல்றேன்" என்றாள். எஸ்.ஐ. மறுக்கவில்லை. ஜீப்பில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியை எடுத்ததும் நான் கையை இழுத்துக்கொண்டேன். பிரமிளா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இம்மாம் பெரிய ஆம்பள, ஒரு ஊசிக்கு இப்டி பயப்படறியே" என்று கேலி செய்தாள். நான் ஊசிக்குப் பயப்படவில்லை. ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அந்தப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள். என் கூட லோடு ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் வருகிறேன் என்று சொல்லி, வரவில்லை. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் இருந்தேன். இன்று காலை இங்கே கொண்டுவந்தார்கள். சொத்து உள்ளவர் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள், இல்லையென்றால் சப்ஜெயில் என்று சபீனா அம்மா சொன்னார். எங்களுக்கு இருப்பது அந்தக் காலனி வீடு ஒன்றுதான். அதன் பட்டா பிரமிளா பெயரில் இருக்கிறது. அவள் அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவருகே நிற்கிறாள். நான் குடிக்கவில்லை என்று நம்பித்தான் அதைக் கொண்டுவந்திருக்கிறாள்.

பிரமிளாவின் நைனா குடித்தே இரண்டு தறியை விற்றார், அதன் பிறகு வீட்டை விற்றார், அதன் பிறகு செத்துப்போனார். பெண் பார்க்கப் போன அன்று என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நானும் சரி என்றேன். நேற்று வரை அந்த வாக்கு தப்பியதில்லை. கல்யாணத்தில், சாவில், பொங்கலில், எவன் கூப்பிட்டும் நான் கிளாஸைத் தொட்டதில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காரும்படி சபீனா அம்மா சொல்லியிருக்கிறார். போதையில் வண்டி ஓட்டினேன் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தலை சுற்றவில்லை, கை தவறவில்லை, கங்கையாதான் என் வண்டியில் வந்து மோதினார். இது போதும் என்று சபீனா அம்மா இப்போது என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். நான் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று சக்கரத்துக்கும் சரியாகத்தான் ஊதினேன். நான்காவது சக்கரத்துக்கு வாய் நிறைய வைத்துக்கொண்டு குனிந்தபோது, பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திடுக்கிட்டதில் பாதி உள்ளே போய்விட்டது. தொண்டை எரிந்தது. அதன் பிறகு நெஞ்சில் சூடாகப் பரவியது. அது எனக்குப் பிடித்திருந்தது. மிச்சப் பாதி வாயிலேயே இருந்தது. அதைத் துப்பியிருக்கலாம். முதல் பாதி தவறிப் போனது. மிச்சப் பாதி தவறிப் போகவில்லை, நானாகத்தான் விழுங்கினேன். நான்காவது சக்கரத்துக்கு வெறும் காற்றைத்தான் ஊதினேன். கங்கையாவின் வண்டி வந்து மோதியது அந்தச் சக்கரத்தில்தான். துலுக்காணம் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

ஒரு மடக்குக்கு ரத்தத்தில் எவ்வளவு காட்டும் என்று எனக்குத் தெரியாது. முப்பதுக்குள் இருந்தால் சட்டம் என்னை விட்டுவிடும் என்கிறார்கள். பிரமிளாவுக்கு முப்பது கணக்கு கிடையாது. ஒரு சொட்டும் இல்லை என்று நம்பி அவள் வீட்டை எழுதி வைக்கக் கூடாது. ரிப்போர்ட் வந்து அவளுக்குச் சொல்வதை விட நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் சப்ஜெயிலுக்குப் போகிறேன். அங்கே எப்படி இருக்கும் என்று பயமாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது கதவுப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இதுவரை எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், உண்மைதான். கூட்டியது இல்லை, மறைத்ததும் இப்போது இல்லை.

(ஒப்பம்) க. உமாபதி

குறிப்பு: மேற்படி வாக்குமூலம் வாசிக்கப்பட்டபோது ஜாமீன்தாரர் நீதிமன்றத்தில் இருந்தார். கேட்டதற்குப் பிறகும் ஜாமீன் தரச் சம்மதமா என்று வினவப்பட்டது. அதற்கு, "குடுங்க சார், போடறேன். கோர்ட்டு கேக்கவேண்டியத கேட்டுடுச்சி. மிச்சத்த வூட்ல நான் கேட்டுக்கறேன்" என்று சொல்லி, பட்டாவை ஒப்படைத்துக் கையெழுத்திட்டார்.

(ஒப்பம்) உ. பிரமிளா, ஜாமீன்தாரர், எதிரி உமாபதியின் மனைவி