எடை இறங்கிய நான்காம் நாள்

இன்று பணி நிறைவு பெறும் பெருமைக்குரிய தலைவர், பெரிய டாக்டர் ஐயா அவர்களே! அன்றைக்கும் நீங்கள் இருந்தீர்கள். பால் கிண்ணத்தோடு கட்டில் கட்டிலாய் நடந்த நர்ஸம்மா அவர்களே! நீங்களும் இருந்தீர்கள். பக்கத்துக் கட்டிலில் மகனை மடியில் கிடத்தியிருந்த தையல்காரத் தாயே! முன்வரிசையில் முகம் கவிழ்ந்திருக்கும் என் மருமகளே! இடுப்பில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே! நீங்கள் மட்டும்தான் அன்று இல்லை. உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், இரண்டு வயதுப் பேத்தியை இந்த வார்டுக்குத் தூக்கி வந்தோம். கன்னம் உப்பல், கால் உப்பல். கொழுகொழுவென்று இருக்கிறாள் என்று தெருவே மெச்சியது. அது சதையா? இல்லை, சத்தில்லாத உடம்பில் சேர்ந்த நீர்! அழக்கூடத் தெம்பற்றுக் கிடந்தவளை "எவ்வளவு சமத்து!" என்று கொஞ்சிய வாய் இது.

இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் பால். அவ்வளவுதான். எட்டு கிலோவாக வந்தவள் நான்காம் நாள் ஏழே கால். தேற வந்த பிள்ளை தேய்ந்தால் எந்த மனம் தாங்கும்?

மருமகள் கேட்டாள்: "ஏன் சார் எடை எறங்குது?"

எழுதிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் நிமிரவே இல்லை. "சொன்னா ஒனக்குப் புரியுமாம்மா?"

கிளம்பப் பார்த்த எங்களைத் தையல்காரம்மா தடுத்தாள். "அவசரப்படாதீங்கக்கா, நர்ஸம்மா வரட்டும்."

"வர்றதுக்குள்ள எலும்புதான் மிஞ்சும். பூனைக்குட்டிகூட இதவிட அதிகமா குடிக்கும். தூக்குடி பிள்ளைய!" என்றேன் நான்.

வீட்டில் வயிறு முட்ட ஊட்டினேன். ஆசையாய் ஊட்டினேன், அள்ளி அள்ளி ஊட்டினேன். மூன்றாம் நாள், என் கையில் சோறு இருக்க, அவள் போய்விட்டாள்.

தேடி வந்த நர்ஸம்மா வாசலிலேயே உட்கார்ந்து சொன்னார்: "எறங்கினது ஒடம்பு இல்லம்மா, தண்ணி. அது வடிஞ்சாத்தான் பிள்ள தேறும். காஞ்ச வயிறு ஒரேடியா தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

எழுத்தறியாத எனக்கு ஒரே மூச்சில் புரிந்தது!

யாரங்கே மணியைத் தட்டுவது? தட்டுங்கள். பதினொரு வருஷம் அடைத்துக் கிடந்த தொண்டை, இன்னும் இரண்டு நிமிஷம் பேசட்டும்.

தையல்காரம்மா இருபத்திரண்டு நாள் இருந்தாள். பத்தாம் நாள் கிண்ணம் காலியென்று அவள் மகன் வீரிட்டு அழுதானாம், வார்டே சிரித்ததாம். அந்த ஓர் அழுகை, என் பேத்தியின் தொண்டையிலிருந்து ஒரே ஓர் அழுகை கேட்கத்தான் தினமும் இங்கே வந்து உட்காருகிறேன். எந்தக் கட்டிலில் பிள்ளை வீரிட்டாலும் என் கால் அங்கேதான் ஓடும்.

தாய்மார்களே, வீக்கம் வடிந்து எடை இறங்கினால் என்ன செய்வீர்கள்? ... சத்தம் போதாது! ... ஆம், இருப்போம்! கேட்போம்! புரியும்வரை கேட்போம்!

கேட்டிருந்த உங்களுக்கும், மேடை தந்த நர்ஸம்மாவுக்கும் என் இரு கை வணக்கம். தூக்கச் சொன்ன என்னை மருமகள் மன்னித்துவிட்டாள். அறியாமல் செய்தவள் நான். அறிந்தும் சொல்லாதவர் ஒருவர் உண்டு. நூறு பிள்ளைகளை மீட்ட கை அவர் கை, அதைக் கும்பிடுகிறேன். ஆனால், பெரிய டாக்டர் ஐயா, சொல்லியிருந்தால் எங்களுக்குப் புரிந்திருக்கும். உங்களை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.