ஏழு போர்வை, மூன்று சுற்று

ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் ஏழு போர்வை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை சார். டோல்கேட் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஐந்து கிடைக்கும், ஏழு கிடைக்காது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் சோதனையே கெட்டுவிடும். இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

என் பெயர் சாவியோ. ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன், இருபத்திரண்டு வருட சர்வீஸ். ராயபுரத்தில் டோரதி என்று ஒரு அம்மா இருக்கிறார். ஆளைப் பார்த்தாலே உள்ளே என்ன வியாதி என்று தெரிந்துவிடுமாம். என் மனைவி ஜானட்டுக்கு மார்பில் கட்டி வந்தபோது, "ஒன்னியும் இல்ல, தைரியமா போ" என்றார். ஜானட் என்னை நம்பவில்லை, அவரை நம்பினாள். பதினான்கு மாதத்தில் காசிமேடு கல்லறையில் கொண்டுபோய் வைத்தோம். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்தால் அது சோதனை ஆகாது. நியாயமாகச் செய்ய நினைத்தேன்.

ஏழு பேர் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவருக்கு மட்டும் நெஞ்சில் வியாதி. அது யார் என்று டோரதி சொல்ல வேண்டும். ஏழில் ஒன்று குருட்டாம்போக்கில்கூடச் சரியாகிவிடும். அதனால் இடம் மாற்றி மாற்றி, வேறு வேறு நாளில் மூன்று சுற்று. விடை தெரிந்தவன் சோதனை நடக்கிற கூடத்துக்குள் இருக்கக் கூடாது என்பதால் ரிட்டையர்டு கணக்கு வாத்தியார் ஜேக்கப்பிடம் நடத்தும் பொறுப்பைக் கொடுத்தேன்.

வியாதிக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம். கொருக்குப்பேட்டையில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்தேன். வியாதி தெரிந்தவனுக்குப் போர்வைக்குள்ளும் தோள் தொங்கிவிடுகிறது. தனக்கு வியாதி என்றே தெரியாத ஒருவர் வேண்டும்.

ஜானட்டின் தம்பி விமல், காட்டுப்பள்ளி துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டுகிற வேலை. "அக்காவுக்காக நானும் குந்துறேன் மாமா" என்று தானாக வந்தான். ஆரோக்கியமான ஆறு பேரில் ஒருவனாகத்தான் அவனைச் சேர்த்தேன். எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தபோது அவன் இடது நுரையீரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நிழல் தெரிந்தது. அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதினார். அவர் எழுதுவதை டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. அவர் எழுதியதை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். விமலுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று அடித்துக் கொடுத்தேன். இரண்டே வாரத்து விஷயம் என்று நினைத்தேன்.

டோரதி இழுத்தடித்தார் சார். தவக்காலத்தில் பார்க்க மாட்டேன் என்றார். ஈஸ்டர் முடிந்தது, மகளுக்குப் பிரசவம் என்றார். அப்புறம் போர்வை முகத்தை மறைக்கிறது, கூடத்தில் காற்று இல்லை என்றார். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அலைந்து அலைந்து எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இதற்குள் நாலு மாதம். விமலுக்கு இருமல் வேறு வந்துவிட்டது. போர்வைக்குள் இருமினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று நானே சிரப் வாங்கிக் கொடுத்து, வேளை தவறாமல் குடிக்கவைத்தேன்.

முதல் சுற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் ரோட்டில் நின்றேன். ஜேக்கப் வெளியே வந்து நடந்ததைச் சொன்னார். டோரதி நாலாவது ஆள் முன்னால் நின்று, "இந்தப் புள்ளைய நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க, நெஞ்சுல கீது" என்றாராம். நாலாவது ஆள் விமல்.

நான் ஆடிப்போகவில்லை. ஏழில் ஒன்று. இன்னும் இரண்டு சுற்று பாக்கி. ஆனால் அந்த அம்மா, ஒரு தடவை சொன்னது போதாதா, முதலில் அந்தப் பிள்ளையைக் கவனியுங்கள் என்று முரண்டு பிடித்தார். ஒப்புக்கொண்ட விதியை மீறினால் எப்படி சார்?

அன்று சாயந்தரம் விமல் வந்தான். "அந்தம்மா சொன்னது நெசமா மாமா?" என்று கேட்டான். உன் ரிப்போர்ட் உன்னிடம்தானே இருக்கிறது, எடுத்துப் படி என்றேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். மூன்றாவது வாரம் கப்பலிலேயே ரத்தம் கக்கி விழுந்தான். நாலு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவன் மனைவி மலிகா புகாரில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ரிப்போர்ட்டை மாற்றியது நான்தான். விமல் செத்ததற்கு எனக்கும் வருத்தம் உண்டு. இரண்டு சுற்று நடக்காமலே போய்விட்டது. டோரதி வீட்டு வாசலில் இப்போது முன்பைவிடக் கூட்டமாம். என்னை உள்ளே வையுங்கள், ஆனால் அந்த அம்மாவையும் விடாதீர்கள். உள்ளே வியாதியோடு நிற்கிற ஒருவரிடம் ஒன்றும் இல்லை, தைரியமாகப் போ என்று சொல்கிறவர்களை யாராவது தடுக்கத்தானே வேண்டும்.