ஒரு மணி நேரத்துக்கு முந்தைய காற்று

எனக்குத் தூசி ஆகாது, ஐயா. டீக்கடைக்குப் போவதென்றாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போவேன்.

திருவொற்றியூரில் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அறைக்குள் கருவி; வெளியே, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி, மணிக்கொரு முறை மாசு எண்ணைக் காட்டும் பெரிய மின்பலகை. எண் நூறுக்குள் இருந்தால் பச்சை எரியும். நானூறைத் தாண்டினால் கருஞ்சிவப்பு. சிவப்பு எரிந்தால் மேலிடத்திலிருந்து போன் வரும், காற்றை நான்தான் சமைத்தது போல.

கருவியைச் சோதிக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சோதனை முடியும்வரை எதுவும் பதிவாகாது. பலகையில் கடைசியாக வந்த எண்ணே நிற்கும். மணலி ஆலைகள் பக்கமிருந்து நாற்றம் கிளம்பும்போதெல்லாம் அழுத்தினேன். மூன்று வருடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் பொய்யாக எழுதியதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பீம்ராவ் ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர். நுரையீரல் பாதி போய்விட்டது. பச்சை எரியும் நாளில் மட்டும் நடங்கள், மற்ற நாளில் வீட்டை விட்டு இறங்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலை ஏழு மணிக்குப் பலகை முன்னால் வந்து நிற்பார். அவரை எனக்குப் பிடிக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கருவி 412 காட்டியது. பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். பலகையில் ஆறு மணியின் 74, பச்சையில்.

“இன்னா சார், மூக்கு எரியுது. போர்டு பச்சையா கீதே?” என்றார் பீம்ராவ்.

நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய்விட்டால், பலகையை இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

“மெஷின் சொல்லுதுல்ல. தைரியமா நடங்க நைனா,” என்றேன்.

நடந்தார். தேரடி வரைகூடப் போய்ச் சேரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அவர் மனைவி கெங்கம்மா என்னைத் தேடி வந்தார்.

“அன்னிக்குக் காத்து நல்லாதானே இருந்துச்சு சார்? மூச்சு மருந்த அவரு பையில வெக்க நாந்தான் மறந்துட்டேன். நாந்தான் சாவடிச்சிட்டேன்.”

அன்றைய பதிவைத் தாளில் எடுத்து, ஆறு மணி வரியில் இருந்த 74-இல் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குக் கீழே காலியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

“மறதி எல்லாருக்கும் வர்றதுதாம்மா,” என்றேன். நானும் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வேறு யார் இருந்தார்கள், நீங்களே சொல்லுங்கள்.