மாப்பிள்ளையின் கட்டைவிரல்

எங்கள் தெருவில் யார் வீட்டில் எது ஓடாமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டர், வைஃபை, பேசும்போது எதிரொலிக்கும் செல்போன், எதுவானாலும் சரி. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் லேபைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பொறுமையான ஆள் என்று பெயர். அதனால் உங்கள் கேள்விக்கும் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன், அம்ருதா மேடம்.

நீங்கள் நடத்தும் எமுலேட்டர் உதவிக் குழுவில் முந்தாநாள் ஒரு பதிவு வந்தது. கேம்பேட் ஸ்டிக் சரியாக வேலை செய்யவில்லை, இந்த எண் சரிதானா என்று கேட்டு, செட்டிங்ஸ் திரையின் படமும் போட்டிருந்தது. போட்டவர் சுந்தரேஷ், என் தங்கை காமேஸ்வரியின் கணவர். "எல்லாம் செட் பண்ணித் தந்தது என் மச்சான் சம்பந்தமூர்த்தி. அவரு பாவம் எனக்காக நிறைய அலைஞ்சிட்டாரு, அதான் உங்களைக் கேக்கறேன்" என்றும் எழுதியிருந்தார். அவர் குணம் அப்படி.

நீங்கள் குழுவில் பதில் சொல்லாமல் எனக்குத் தனியாக எழுதினீர்கள். டெட் ஸோன் அறுபத்திரண்டு என்று இருக்கிறது, பத்து பதினைந்துதான் இருக்க வேண்டும், இது தானாக மாறாது, யார் மாற்றியது என்று கேட்டீர்கள்.

நான்தான் மாற்றினேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கும் நியாயமாகத்தான் படும்.

இந்த வருடம் தை மாதம் சுந்தரேஷ் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த எமுலேட்டரைப் போட்டுக் கொடுத்தேன். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றின் கார் பந்தயம் அதில் நன்றாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நானும் அவரும் ஆடுவோம். நீல கேம்பேட் எனக்கு, கறுப்பு அவருக்கு. இடது கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கில் காரைத் திருப்ப வேண்டும், வலது ஸ்டிக்கில் வேகம்.

பதினேழு ஞாயிறு தொடர்ந்து தோற்றேன். தோற்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. எண்ணி வைத்திருப்பது லேப் பழக்கம்.

பதினெட்டாவது ஞாயிறு காமேஸ்வரி வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். சுந்தரேஷ் கேம்பேடைத் தொடைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், நீங்க ரெண்டு கையில ஆடுங்க. நான் ஒரு கையிலயே ஆடறேன். அப்பதான் உங்களுக்கும் ஜாலியா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். இடது கட்டைவிரலால் ஒரு ஸ்டிக்கையும் சுண்டுவிரலால் இன்னொன்றையும் தள்ளினார். வலது கையால் பஜ்ஜி சாப்பிட்டார். ஒரு முழுச் சுற்று முன்னால் போய் ஜெயித்தார். காமேஸ்வரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "அண்ணா, பஜ்ஜி சாப்ட்டாதான் ஓட்ட வரும் போல. இன்னும் ரெண்டு வச்சுக்குங்க" என்றாள். நானும் சிரித்தேன். வைத்த இரண்டையும் சாப்பிட்டேன்.

அவர் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் கறுப்பு கேம்பேடின் இடது ஸ்டிக்கில் டெட் ஸோனை ஐம்பத்தெட்டாக மாற்றி வைத்தேன்.

டெட் ஸோன் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஸ்டிக்கைத் தள்ளும்போது முதல் கொஞ்ச தூரத்தை எமுலேட்டர் கண்டுகொள்ளாது. விரல் லேசாக நடுங்கினால் கார் திரும்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தக் கொஞ்ச தூரத்தைப் பாதிக்கு மேல் ஆக்கினேன். அவ்வளவுதான். ஒவ்வொரு கேம்பேடுக்கும் செட்டிங் தனித்தனி என்பதால் நீலத்துக்கு எந்தப் பாதிப்பும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் கார் ஏழு தடவை சுவரில் மோதியது. நான் ஜெயித்தேன்.

"மச்சான், ஸ்டிக்கு சரியா வேலை செய்யல."

பழுது என்று சொன்னால் பார்த்துத்தான் பழக்கம். கேம்பேடைக் கழற்றி, காட்டன் பட்ஸில் ஸ்பிரிட் தொட்டு ஸ்டிக்கின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். யுஎஸ்பியை வேறு துளையில் செருகினேன். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கடைசியில் கேம்பேடைச் சோதிக்கும் இணையப் பக்கத்தைத் திறந்து அவரையே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பக்கம் எமுலேட்டரின் செட்டிங்கைப் பார்ப்பதில்லை. புள்ளி மிகச் சரியாக நகர்ந்தது.

"கேம்பேட்ல எந்தக் கோளாறும் இல்ல மாப்ள" என்றேன்.

மேடம், நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் தன் இடது கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப கோளாறு இதுலதான்" என்றார்.

நான் கேபிளைச் சுருட்டி வைத்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாத துறை.

சுந்தரேஷ் தையல்காரர். ரமணாசிரமம் பக்கம் கடை. தியானத்துக்கு வருகிறவர்களுக்கு வெள்ளைப் பருத்தியில் தொளதொளவென்று குர்தா தைத்துக் கொடுப்பார். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குப் போயும் அவரிடம் கேட்டு வாங்குகிறார்கள். கட்டைவிரல்மேல் சந்தேகம் வந்த பிறகு, துணியை அழுத்திப் பிடிக்கும்போதும் அது நழுவுவதாக அவருக்குத் தோன்றியது. வெட்டு கோணலாகிவிடுமோ என்று ஒரு குர்தாவை மூன்று தடவை அளந்தார். காமேஸ்வரி எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, சாப்பிடறப்பகூட விரலை ஆட்டி ஆட்டிப் பாக்கறாரு. எனக்கு பயமா இருக்கு. நீங்க ஒரு வாட்டி டாக்டராண்ட கூட்டிம்போங்களேன்."

என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். எலும்பு டாக்டர் விரலை மடக்கினார், நீட்டினார், வலி இருக்கிறதா என்று கேட்டார்.

"வலி இல்ல சார். பாதி தூரம் வரைக்கும் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. அப்புறம் திடீர்னு எல்லாம் நடந்துடுது."

இதைவிடத் துல்லியமாக டெட் ஸோனை யாரும் விவரித்து நான் கேட்டதில்லை. டாக்டர் தலையாட்டினார். தையல் வேலை செய்பவர்களுக்கு விரல் நரம்பைச் சுற்றித் தடித்துப் போவது சகஜம் என்றார். ஆறு வாரம் கட்டை வைத்துக் கட்டினார். கட்டோடு ஆடியபோதும் கார் திரும்பவில்லை. அதனால் ஆபரேஷன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உறவினர் போட வேண்டிய கையெழுத்தையும் நானே போட்டேன். காமேஸ்வரி பேனாவை என்னிடம் நீட்டிவிட்டாள்.

தையல் பிரித்த வாரம் நான் டெட் ஸோனைத் திரும்பப் பத்துக்குக் கொண்டுவந்தேன். யாரும் கேட்காமல் நானாகவே செய்தது இது. அவர் ஜெயித்தார். கேம்பேடைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அந்தப் பௌர்ணமிக்கு நன்றி சொல்ல வெறுங்காலோடு கிரிவலம் போனார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் கூட நடந்தேன். அடி அண்ணாமலை தாண்டும்போது என் தோளில் கை போட்டு, "நீங்க இல்லன்னா என் கை போயிருக்கும் மச்சான்" என்றார். அதெல்லாம் எதுக்கு மாப்ள என்றேன்.

அவருக்கு அந்த டாக்டர்மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது. கடையில் பட்டன் தைக்கும் பொன்னியையும் வற்புறுத்தி அனுப்பி, அந்தம்மாவுக்கும் ஒரு விரலில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் விரலில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை என்று அந்தம்மா இப்போது சொல்கிறாராம். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

அதன் பிறகு பதினோரு ஞாயிறு தோற்றேன். பன்னிரண்டாவது ஞாயிறு அவர், "மச்சான், கையில புது பலம் வந்தா மாதிரி இருக்கு. கண்ண மூடினு ஆடிக் காட்டவா?" என்றார். காமேஸ்வரி சிரித்துக்கொண்டே தன் துப்பட்டாவால் அவர் கண்ணைக் கட்டினாள். இன்ஜின் சத்தத்தை வைத்தே ஓட்டினார். மூன்றில் இரண்டு ஆட்டம் அவருக்கு.

அன்றுதான் வலது ஸ்டிக்கை அறுபத்திரண்டாக்கினேன்.

மற்றதெல்லாம் முன்பு நடந்த வரிசையிலேயே நடந்தது. ஸ்பிரிட், கேபிள், டிரைவர், சோதனைப் பக்கம், டாக்டர். ஒரே வித்தியாசம், அது கத்தரிக்கோல் பிடிக்கும் கை. இந்த முறை டாக்டர் கொஞ்சம் யோசித்தார். பழைய பிடி திரும்ப வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சுந்தரேஷ் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மச்சான், பண்ணிக்கட்டுமா?"

அப்போது அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நேரமும் இருந்தது. "டாக்டர் சொல்றத கேளுங்க" என்றேன். பொறுப்பான பதில் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போன வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. கார்த்திகைக்கு ஊரே நிரம்பும் சமயத்தில் கடை மூடியிருக்கிறது. "கை சரியானதும் திறக்கப்படும்" என்று கதவில் ஒட்டியிருக்கும் தாளை நான்தான் லேபில் அச்சடித்துக் கொடுத்தேன். எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். காமேஸ்வரி வெட்டிய துணிகளை வெட்டியபடியே மடித்து, தைக்கக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது பஜ்ஜி போட்ட ஞாயிறும் கண்ணைக் கட்டிய ஞாயிறும்தான்.

கட்டுப் பிரிக்கும் நாளன்று எண்ணைப் பத்துக்கு மாற்றியிருப்பேன். அவர் சந்தோஷப்பட்டிருப்பார். அதற்குள் ஆட மாட்டார் என்று விட்டுவைத்தது மட்டும்தான் என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கையில் இவ்வளவு பெரிய கட்டோடு ஒருவர் ஸ்டிக்கைப் பற்றி ஏன் கேட்கப் போகிறார் என்று உங்கள் குழுவில் வந்த பதிவைப் பார்த்து எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். சுந்தரேஷ் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தலையணை, அதன்மேல் கறுப்பு கேம்பேட். இரண்டு காலின் கட்டைவிரலும் ஸ்டிக்கின்மேல் இருந்தன. உங்களுக்கு எழுதிய பதிவை டைப் செய்ததும் காமேஸ்வரிதானாம்.

"வாங்க மச்சான், சும்மா ஒக்காந்துனு இருந்தா பைத்தியம் புடிக்குது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் தடுக்குது, மத்தபடி ஓடுது. ஒரு ஆட்டம் போடலாமா?"

ஆடினோம். அறுபத்திரண்டோடு, காலால் ஆடி, இரண்டு விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். காமேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கை தட்டினாள்.

உங்களிடம் ஒரு சின்ன உதவி, மேடம். அந்த எண் சரியானதுதான் என்று குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். நடந்த இரண்டு ஆபரேஷனுக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். அவர்மேல் உங்களைவிட எனக்கு அக்கறை அதிகம் என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் விரலும் அவரே பார்ப்பாராம். கூட யார் வருவார்கள் என்று கேட்டார். எப்போதும்போல நான்தான் என்றேன்.