யூலேயின் நானூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள்

எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது, வக்கீல் ஐயா. வானிலை பார்ப்பேன், படகு நேரம் பார்ப்பேன். அதனால்தான் ‘தெரியாமல் அழிந்துவிட்டது’ என்று நான் சொன்னதைக் கோர்ட்டில் எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் வீப்கெயின் வக்கீல். உள்ளதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே மகன் ஹென்னிங் போன மார்ச்சில் மாரடைப்பில் இறந்தான். வீப்கெயோடு பதினோரு வருடம் வாழ்ந்தான். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை, உயிலும் எழுதவில்லை. அவர்களுடைய குழந்தை யூலே நான்கு வயதில் காய்ச்சலில் முன்பே போய்விட்டாள். என் கணவரும் இல்லை. ஆகவே சட்டப்படி நான் ஒருத்திதான் வாரிசு. படகு, சைக்கிள், அவனுடைய இணையக் கணக்கு எல்லாம் எனக்கு வந்தன.

வீப்கெ பொருள் எதையும் கேட்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் நின்றாள்.

“அத்தை, யூலே வீடியோ எல்லாம் ஹென்னிங் கணக்குலதான் இருக்கு. எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. அவ குரலே மறந்துட்டு வருது எனக்கு. காப்பி எடுத்து மட்டும் குடுங்க, போதும்.”

“பார்க்கிறேன்மா. டீ குடிக்கிறியா?”

பார்த்தேன். ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்தேன். பேத்தியை நான் நேரில் பார்த்ததே மூன்று தடவைதான். வீப்கெயின் அம்மா பலவற்றில் வருகிறாள், யூலேக்குத் தலை வாரிவிடுகிறாள். நான் எதிலும் இல்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் பத்து அழித்தேன். அழித்தவை இன்னும் ஒரு மாதம் கணக்கின் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்று நூலகத்துப் பெண் சொல்லியிருந்தாள். அதையும் காலி செய்தேன். வீப்கெ வாராவாரம் வந்தாள். “தேடிக்கிட்டே இருக்கேன்மா” என்றேன். ஒரு வியாழக்கிழமை அவள் மணி அடித்தபோது யூலே பாடிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

அவளுக்கு முப்பத்தாறு வயதுதான். திரையையே பார்த்து அழுதுகொண்டிருந்தால் வாழ்க்கை ஓடுமா? அவள் நல்லதுக்குத்தான் செய்தேன்.

ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். பதினொரு நொடி. கடற்கரையில் யூலே மணலைத் தோண்டுகிறாள். எங்கோ போன் அடிக்கிறது. ஹென்னிங்கின் குரல் மட்டும் கேட்கிறது: “ஐயோ, எங்கம்மாதான் கூப்பிடறாங்க. அடிக்கட்டும் விடு, எடுக்காத.”

அதை யாருக்கும் தரமாட்டேன். குழந்தையோடு இருக்கும்போதுகூட அவனுக்கு என் நினைப்புதான்.