ஈரச் சுவர்

— கையில என்னன்னு பாருடா. நல்லாப் பாரு.

— கல்லுதானேக்கா.

— கல்லா? நேத்து வரைக்கும் இது கோட்டை வாசல் குதிரைவீரன் சிலையோட மூக்கு! எழுநூறு வருஷமா மழையும் வெயிலும் ஒண்ணும் பண்ண முடியல. நீ பூச்சு அடிச்ச எட்டே மாசத்துல வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சு விழுது.

— கத்தாதக்கா. ஆளுங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும்! கான்ட்ராக்டர் யாருன்னு கேட்டா, தொல்லியல் துறை கெமிஸ்ட் அம்மாவோட தம்பின்னுதானே சொல்லப் போறாங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா. முதல்ல பாசியைக் கொல்ற மருந்து. அப்புறம் மூணு வாரம் சுவர் காயணும். அதுக்கப்புறம்தான் தண்ணி இறங்காம இருக்கறதுக்குப் பூச்சு.

— மருந்து அடிச்சேன். சத்தியமா அடிச்சேன்.

— காய விட்டியா? ஈரச் சுவத்து மேல பூசி மூடிட்டா, உள்ள இருக்கற தண்ணி எந்த வழியாடா வெளிய வரும்? கல்லோட தோலைப் பிச்சுக்கிட்டுத்தான் வரும். வந்திருச்சு. உரிஞ்ச இடத்துல பாரு, பாசி பச்சைப் பசேல்னு என்னைப் பாத்து இளிக்குது.

— மழை விட்டாத்தானேக்கா காயும்? திறப்பு விழாவுக்குப் பத்தே நாள். உங்க டைரக்டர் தினம் மூணு தடவை போன் போட்டு உசிரை எடுத்தாரு.

— அவருக்கு ரிப்பன் வெட்டத்தான் தெரியும். உனக்குத் தெரியும்ல? எனக்கு ஒரு போன் பண்றதுக்கு என்ன கேடு?

— பண்ணினேன். நாலு தடவை. சத்தியமா. நீ எடுக்கல.

— மீட்டிங்ல இருந்திருப்பேன்.

— நாலு தடவையுமா?

— பேச்சை மாத்தாத. நாளைக்கு விசாரணை. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துடு. கூடப்பொறந்தவன்னு நான் பாக்க மாட்டேன்.

— எழுதித் தரேன். அடிச்சது நான்தானே.

— எழுதிட்டா? மூக்கு போய் ஒட்டிக்குமா? நீ பூச்சு அடிச்ச அன்னைக்கு நான் மட்டும் இங்க இருந்திருந்தா, உன் கையில இருந்த குழாயைப் பிடுங்கி அகழியில வீசியிருப்பேன்டா!

— இருந்தியேக்கா.

— என்னது?

— சாரத்து மேலேர்ந்து பாத்தேன். கறுப்புக் குடையைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்ன. நிறுத்துடான்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு, குழாயைத் திறக்காம உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ குடையை மடக்கிட்டு டைரக்டர் கார்ல ஏறிட்ட.